எல்லாருக்கும் ஒரே கணக்கு

எங்கள் துறையின் பெரிய கணினியை ஐந்து ஆய்வு மாணவர்களும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லில் திறப்பார்கள். அதைப் பராமரிப்பது என் வேலை. யாருடைய நிரல் ஓடுகிறது என்று திரை காட்டாது. அதனால் நிரலை ஓடவிடுபவர் பெயரெழுதிய காகிதத் துண்டொன்றைக் கணினியில் ஒட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கணினி மிகவும் மெதுவாக இயங்கியது. துண்டு எதுவும் இல்லை. யாரோ மறந்துபோன நிரல் என்று நினைத்து, அதை நிறுத்திக் கோப்புகளையும் அழித்தேன்.

மறுநாள் சரவணை ஊரில் என் வீட்டில் இருந்தபோது, ஐவரில் ஒருத்தியான நெடுந்தீவு மாணவி நிலானி தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், காத்துக்குப் படகு ஓடேல்லை. இஞ்ச தீவில இருந்துதான் இணையத்தில நிரலை ஓடவிட்டனான், துண்டு ஒட்ட ஏலேல்லை. திங்கள் ஆய்வு குடுக்கவேணும். முடிஞ்சிட்டுதோ?"

"நான் அழிச்சுப்போட்டன், பிள்ளை."



"சேர் இருந்தால் குப்பை சேராதெண்டு பெடியள் பகிடி பண்ணுறவை. உண்மைதான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வருடம் அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஐந்து பேரின் தொலைபேசி எண்களும் என்னிடம் இருந்தன. அழிப்பதற்கு முன் ஒருவரையாவது கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.