சூரியன் பார்வைக்கு ஓர் உபயம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில், மீன் விற்கும் செல்வி அக்கா என் கையில் ஒரு சோலார் விளக்கைத் திணித்தார்.

"இந்தா காலேஜ் பாப்பா, நீயே வெச்சுக்கோ. பத்து நிமிசம் எரியுது, அப்பால கண்ண மூடிக்குது. மீனு கூட செத்தப்புறம் கண்ண மூடாது!"

அந்த விளக்கு, எங்கள் மயிலாப்பூர் நண்பர் குழு சென்ற மாதம் குப்பத்துக் குடிசைகளுக்கு வழங்கியது. எதிர்ச் சாலையில் விடிய விடிய விளக்கெரிகிறது. பட்டா இல்லாத கூரைக்கு மட்டும் மின்சாரம் வர மறுக்கிறது. வழங்கும் விழாவில் வரவேற்புரை வாசித்தவள், இலக்கியம் படிக்கும் நான். ஆகவே, பழுதுக்கும் நானே பொறுப்பு போலும்!

செல்வி அக்காவுக்கு வெளிச்சம் ஆடம்பரமன்று. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் இருட்டிய பிறகே மீன் வாங்குகிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவார்களா? சிம்னி விளக்கில் நேற்றைய மீனின் செவுளும் சிவப்பாகத்தான் தெரியும். ஆகவே, பெட்ரோமாக்ஸ் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

"அவ என் எடத்தயும் சேத்துக் கேக்கறா. இந்த வாரமும் இப்டியே போச்சுன்னா வுட்டுட்டு வூட்டாண்ட குந்திக்க வேண்டியதுதான்."

அவர் குடிசைக்குப் போய், கூரைமேல் இருந்த, அந்த விளக்குக்கு மின்சாரம் ஏற்றும் சோலார் தகட்டை எட்டிப் பார்த்தேன். நல்ல தகடு. பகலெல்லாம் நல்ல வெயில். இரண்டுக்கும் இடையில்... தியாகராய நகர் ஜவுளிக்கடை முதலாளி! 'உபயம்' என்று தொடங்கி அவர் பெயர், மனைவி பெயர், கடை விலாசம் — அத்தனையும் சிவப்பு எனாமல் பெயிண்டில், தகட்டை அடைத்துக்கொண்டு. கடைசி வரி: 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.' நல்லவேளை. இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் கிடைத்திராது.

கோயில் டியூப்லைட்டில் பெயரெழுதிப் பழகிய கை. அங்கே பெயரைச் சுற்றியாவது கொஞ்சம் வெளிச்சம் வெளியே வரும். இங்கே வெளிச்சம் உள்ளே போகவேண்டும் என்பதை யார் யோசித்தார்கள்?

நேரே குழுச் செயலாளர் மாமாவின் வீட்டுக்குப் போனேன்.

"பெயிண்ட்டை எடுத்துடலாமா மாமா? வெயிலே உள்ள போகல."

"அவர் பேரை அழிக்கறதாவது! அப்புறம் அடுத்த வருஷம் நம்மைத் திரும்பிப் பாப்பாரா?"

"தகட்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கலாமே?"

"பின்னாடி எழுதினா யார் பாக்கப்போறா?"

"கூரைமேல எழுதினா மட்டும் யார் பாக்கறா?"

மாமா மேலே கை காட்டினார். "மேலேருந்து பகவான் பாத்துண்டுதானே இருக்கார்? வேணும்னா குப்பத்துக்காராளை அந்தத் தகட்டை இன்னும் கொஞ்ச நாழி வெயில்ல வைக்கச் சொல்லேன்."

சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கும்படி குழுவில் தீர்மானம் போடவும் அவர் தயாராகவே இருந்தார் என்று நினைக்கிறேன். நம் ஊரில் தர்மம் ஒருபோதும் இருட்டில் நடப்பதில்லை. வாங்கியவர்கள்தாம் இருட்டில் இருக்கிறார்கள்.

நான் எதிர்த்துப் பேசும் வழக்கமுடையவள் அல்லள். "சரி மாமா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகவில்லை. நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சும் வாங்கிக்கொண்டு, தகட்டை இறக்கச் சொல்லி, செல்வி அக்காவின் வாசலில் உட்கார்ந்தேன். பஞ்சு சிவக்கச் சிவக்க, தகடு நீலமாயிற்று.

"உபயம் குட்த்த அய்யா வந்து பாத்தா இன்னா சொல்லுவ பாப்பா?"

"அவர் சைவம், அக்கா. மீன் விக்கிற பக்கம் வரமாட்டார்" என்றேன். அடுத்த குடிசையின் தகட்டையும் இறக்கச் சொன்னேன்.