மாமா செய்த மிட்டாய்ப் பல்செட்

இந்த ஊரில் யார் சிரித்தாலும் அதில் பாதிச் சிரிப்பு மாமாவுக்குச் சொந்தம். மாமா ஒரு வாரம் லீவு போட்டால் வறுகடலைக்காரன் கடையைச் சாத்திவிடுவான், வக்கீல்கள் வாதாட மாட்டார்கள், கச்சேரியில் பாட்டு காற்றாகத்தான் வரும். காலையில் சூரியன் கிளம்புவதற்கு முன் மாமாவிடம் பல்லைக் காட்டி, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது என்று ஒரு பேச்சு உண்டு.

அப்பேர்ப்பட்ட மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோஸ் கலர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றிடம் மண்ணைக் கவ்வினார்.

மாமாவுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜன்னல் இல்லாத அறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் அளவு எடுத்து அனுப்புவார், மாமா மெழுகில் பல் அடுக்கி, அச்சில் போட்டு, வெந்நீரில் வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மாமா என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாது. ஆனால் மாமாவுக்குத் தெரியும். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் போதும், "நம்ம சரக்கு" என்று பக்கத்தில் இருப்பவரின் இடுப்பில் இடிப்பார். முகத்தை மறப்பார், பெயரை மறப்பார், பல்லை மட்டும் மறக்க மாட்டார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் மெழுகைக் கடிக்க வைத்து, அச்சு எடுத்து, தன் அறை அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார். மற்றவர்கள் குடும்பப் போட்டோ மாட்டுவது போல.

குடும்பம் என்றால் மாமாவின் அக்காவும் அக்காவின் மூன்று பிள்ளைகளும். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. நடுவில் ஒரு பையன், வாய் ஓயாதவன், பட்டப்பெயர் ரேடியோ. கடைசிப் பொடிசுக்கு ஏழு வயது. பொடிசுக்குப் போன வாரம் மேல்வரிசையில் முன்பல் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. மூத்தவள் உடனே அவளுக்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து பொடிசு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வகுப்பு போட்டோ. "நான் போகல" என்று கைக்குள்ளிருந்தே அறிவித்துவிட்டாள்.

அதற்காகத்தான் மாமா அந்த டப்பாவை வாங்கி வந்தார். வீட்டிலேயே மிட்டாய் செய்யும் பொம்மை மெஷின். மேலே ஒரு கிண்ணம், பக்கத்தில் சுற்றுவதற்குக் கைப்பிடி, மீன், வாத்து, நட்சத்திரம் என்று ஒரு அச்சுத் தட்டு. கூடவே இரண்டு பாக்கெட் மிட்டாய் மாவு. வெந்நீர் ஊற்றிச் சுற்ற வேண்டும், அச்சில் ஊற்ற வேண்டும், ஆறவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மாமா, அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க" என்றான் ரேடியோ.

"அச்சு வேலைய எனக்கு அட்டை சொல்லித் தரணுமாடா?"

மாமா மாவைக் கலந்தார். பொடிசு ஒரு கையால் வாயைப் பொத்தியபடி மறு கையால் கைப்பிடியைச் சுற்றினாள். அச்சில் ஊற்றிய வரைக்கும் எல்லாம் ஜோர். அப்புறம் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாமா அச்சுத் தட்டை இடுக்கியால் பிடித்து அதற்குள் இறக்கி, மூடியும் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"வெந்தாத்தான் இறுகும்."

வெந்தது. திறந்து பார்த்தால் மீன் இல்லை, வாத்து இல்லை. ரோஸ் நிறத்தில் ஒரு ரசம். அதில் அச்சுத் தட்டு அப்பளம் போல நெளிந்து மிதந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லவேளைடா, நீ டாக்டருக்குப் படிக்கல."

பொடிசு வாயைப் பொத்தின கையோடு எழுந்து போய் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து, "நாளைக்கும் போக மாட்டேன், எப்பவும் போக மாட்டேன்" என்று குரல் வந்தது.

மாமா தலையைச் சொறிந்தார். பாக்கி இருப்பது ஒரு பாக்கெட் வெள்ளை மாவும் முதல் பாக்கெட்டில் கொஞ்சம் ரோஸ் மாவும். அச்சு இல்லை. தன் வேலைப் பையைக் குடைந்து ஒரு ரப்பர் அச்சை எடுத்தார். மேல்வரிசைப் பல்செட் அச்சு.

"யார் வாயில இருந்ததுடா அது?" என்றாள் அக்கா.

"யார் வாயிலயும் இல்லக்கா. புத்தம்புதுசு. பிரிக்கவே இல்ல."

அதன்பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. பற்களின் நிறம் பார்க்கும் அட்டையை எடுத்து வைத்து, "இவளுக்கு இரண்டாம் நம்பர் வெள்ளை" என்றார். வெள்ளை மாவைப் பல்லுக்கும் ரோஸ் மாவை ஈறுக்கும் தனித்தனியாக ஊற்றினார். இந்தத் தடவை கொதிக்கிற தண்ணீர்ப் பக்கம் போகாதபடி ரேடியோ அடுப்புக்குக் குறுக்கே காவல் நின்றான். அச்சை ஜன்னலோரம் ஆறவைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போனார்கள். மிட்டாய்ப் பல்லைக் காட்டினாலாவது பொடிசு கையை எடுப்பாளா என்று மாமாவுக்குச் சந்தேகம்தான். ஒரு பல் குறையாமல் வரிசையாக இருக்கிற ஒன்றைக் காட்டினால் இன்னும் அழுதாலும் அழுவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊற்றியாகிவிட்டது, இனி என்ன செய்வது.

மறுநாள் காலையில் முதலில் எழுந்தவள் மூத்தவள். எட்டு மணிக்கு முன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லாதவள். அச்சிலிருந்து மிட்டாயை எடுக்கும்போது முன்பல் இரண்டும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு உடைந்துவிட்டன. யார் தப்பும் இல்லை. மிட்டாய் என்றால் உடையும்.

பொடிசு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தட்டைப் பார்த்தாள். பல்செட் நடுவில் ஓட்டையோடு உட்கார்ந்திருந்தது.

"மாமா, இதுக்கும் விழுந்திருச்சு" என்றாள். அப்புறம் சிரித்தாள். இரண்டு கையையும் தட்டில் ஊன்றிக்கொண்டு, ஜன்னல் முழுக்கத் திறந்து சிரித்தாள். எட்டரை மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போட்டோவுக்குக் கிளம்பிவிட்டாள்.

மாமா மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஓட்டையின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் மூத்தவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். மாமா பின்னால் வந்து நின்று இதுவரை உள்ளதை முழுசாகப் படித்தார்.

"சூரியன் என்கிட்ட பல்லு காட்டுற இடம் நல்லா இருக்கு. அதுல கை வைக்காத" என்றார். "ஆனா ஒரு இடம் பொய்."

"எது மாமா?"

"உடைஞ்சதுன்னு எழுதியிருக்க." ஃப்ரிட்ஜைத் திறந்து மிட்டாயை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்தார். அலமாரி வரிசையில், இடது பக்கத் தெத்துப்பல்லோடு ஒன்று இருக்கும், அதுதான். மிட்டாயில் இருந்த ஓட்டையின் ஓரத்தில் அதை வைத்தார். தெத்துப்பல் தன் பள்ளத்தில் போய் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது எலி கடிச்சது மாமா" என்றாள் மூத்தவள்.

"சரி. எலி கொஞ்சம் வாயைத் திறக்கட்டும்."

மூத்தவள் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.