வடக்கு நகர்ந்த வழக்கு

நிலம் அளக்கிறவனுக்கு இரண்டு கட்சியும் விரோதி. எவன் வண்டியில் ஏறினாலும் மற்றவன் அதைக் கோர்ட்டில் போய்ச் சொல்வான். ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சேலம் ஜில்லாவில் கோர்ட் கமிஷன்களுக்குச் சர்வேயராகப் போய்வந்த காலமெல்லாம் நான் வெயிலில் நடந்தே தேய்ந்தேன். பங்காளிச் சண்டைக்கு நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரியும். இல்லாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், சும்மா படியுங்கள்.

கஞ்சமலை அடிவாரம்

எங்கள் பிழைப்பெல்லாம் ஒரு பித்தளை டப்பிக்குள் ஆடும் காந்த முள்ளை நம்பித்தான். முள் காட்டும் வடக்கிலிருந்து இத்தனை டிகிரி என்று பார்த்துத்தான் கோடு பிடிப்போம். கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு புன்செய்க் காட்டை அளக்கப் போனபோது அந்த நம்பிக்கை முதல்முதலாக ஆட்டம் கண்டது. காட்டின் ஒரு மூலையில் ஒரு வடக்கு, அடுத்த மூலையில் வேறொரு வடக்கு. டப்பியைத் தட்டினேன், துடைத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த மலையே இரும்புத் தாது, அதுதான் முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது உச்சிவெயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நிலத்துக்காரர் காலையிலிருந்து குடையும் கையுமாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மலையில் இரும்பு இருப்பதால் இங்கே முள் செல்லாது, சங்கிலியை மட்டும் வைத்து அளக்கிறேன் என்று அவருக்கு விளக்கினேன். அவர் மலையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"மலை இங்க இருக்கறது ஊருக்கே தெரியுமுங்க. உங்க டப்பிக்கு மட்டும் இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

கிணற்றைத் தாண்டிய கோடு

மலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்கே தெரியாத வம்பு ஒன்று, நைனாமலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கிராமத்தில் எனக்காகக் காத்திருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

சென்னியப்பனும் காளியண்ணனும் பெரியப்பன் சித்தப்பன் மக்கள். அவர்களுடைய அப்பன்மார் பாகம் பிரித்தபோது, காட்டின் மேற்கே இருந்த ஒரு பாறையிலிருந்து கிழக்கே ஒரு கோடு போட்டு, தென்பாகம் அண்ணனுக்கு, வடபாகம் தம்பிக்கு என்று பிளான் எழுதிவைத்தார்கள். அதற்கப்புறம் அறுபது வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் உழுது உழுது நடுவிலிருந்த பொழி வரப்பு கரைந்துபோனது. நட்ட கற்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம், வடபாகத்துக் காளியண்ணன் கிழக்குக் கோடியில் கிணறு வெட்டினான். அவனும் பெண்டாட்டி பாவாயியும் பாறையை உடைத்து, கல்லையும் மண்ணையும் தலையில் சுமந்து கொட்டினார்கள். தண்ணீர் வந்தது. அந்தச் சுற்றுவட்டத்தில் வேறெங்கும் வரவில்லை.

சென்னியப்பன் ஒரு சர்வேயரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் பிளானில் எழுதியிருந்த டிகிரியை அப்படியே அன்றைய முள்ளில் வைத்துக் கோடு பிடித்தார். கோடு கிணற்றுக்கு வடக்கே போயிற்று, கிணறு சென்னியப்பன் பாகத்தில் விழுந்தது. சென்னியப்பன் பொய் சொல்கிறவர் அல்ல. அப்பன் எழுதிய எண், எல்லாருக்கும் பொதுவான வடக்கு, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. விவகாரம் கோர்ட்டுக்கு ஏறி, மறுபடி அளந்துவர என்னை அனுப்பினார்கள்.

முள் காட்டும் வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை என்று எங்கள் சர்வே வாத்தியார் சொல்லியிருந்தார். பூமிக்குள் எது புரள்கிறதோ, அது அவருக்கும் தெரியாது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் துளித்துளியாக அது நகர்கிறது. நம் பக்கத்தில் அது மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷத்து நகர்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். அறுபது வருஷத்து நகர்வு, காட்டின் அடுத்த கோடிக்குப் போவதற்குள் ஒரு கிணற்றையே விழுங்கிவிடும். இதையெல்லாம் ஒரு கட்சிக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். பாவாயி வழியில் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, கெணறு போச்சுன்னா எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருக்க மாட்டாரு. இல்லாட்டி அவுங்கண்ணனை இருக்க உட மாட்டாரு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் அளந்து சொல்லோணும்."

இரும்பை இறக்கிய காலை

மறுநாள் காலையில் பாறையைச் சுற்றி இரண்டு கட்சியும் நின்றிருந்தது. அந்தப் பக்கம் அருவாளும் கடப்பாரையும். இந்தப் பக்கமும் அதேதான். ஒருவர் முகத்திலும் வேலைக்கு வந்த களை இல்லை. கோர்ட் கமிஷனராக வந்திருந்த இளம் வக்கீல் பாறைக்குப் பின்னால் நிழல் நன்றாக இருக்கிறது என்று அங்கே போய் நின்றுகொண்டார். நான் ஒளியவும் முடியாது, ஓடவும் முடியாது.

பயத்தில் தொழில்தான் கைகொடுத்தது. "இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் கெட்டுவிடும். எல்லாரும் அதை அந்தப் பனைமரத்தடியில் போட்டுவிட்டு வந்தால்தான் டப்பியைத் திறப்பேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. முதலில் யார் போடுவது என்று அதற்கொரு தகராறு கிளம்பியது. கடைசியில் கல்யாணத்தில் தட்டு மாற்றுகிறவர்கள் மாதிரி இரண்டு கட்சியும் ஒன்றாகப் போய் ஒன்றாகக் குனிந்து கீழே வைத்தார்கள்.

பாறைமேல் டப்பியைத் திறந்தேன். முள் ஆடி ஆடி நின்றது. காளியண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் தோளோடு தோளாகக் குனிந்து பார்த்தான். நின்ற முள் திரும்பியது. அவன் நிமிர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி குனிந்தான்; மறுபடி திரும்பியது. அந்த வெயிலில் அவன் எதற்குக் கம்பளி போர்த்தியிருக்கிறான் என்று அப்போதுதான் யோசித்தேன். வாய்விட்டுச் சொன்னால் எதிர்க்கட்சி பனைமரத்துக்கு ஓடும். சொல்லாமல் அளந்தால் அளவு கெட்டு, அவன் கிணறே போகும். மூடியைச் சாத்திவிட்டு அவன் முகத்தையும் கம்பளியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவாயி என் பார்வையைப் பிடித்துவிட்டாள். நேரே வந்தாள். கம்பளிக்குள் கையைவிட்டு, புருஷன் இடுப்பிலிருந்த அருவாளை உருவி, அத்தனை பேர் பார்க்கப் பனைமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். சென்னியப்பன் ஆட்கள் இரண்டு பேர் முன்னால் நகர்ந்தார்கள். சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்தார். அவள் திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்:

"கெணறு யாருதுன்னு அந்த முள்ளு சொல்லட்டுமுங்க. அருவா சொல்ல வேண்டாம்."

பெருமாள் சாட்சி

பழைய பிளானில் எல்லைக் கோட்டைத் தவிர இன்னொரு கோடும் இருந்தது. பாறை எந்தப் பாறை என்று பின்னால் குழப்பம் வராமலிருக்க, அங்கிருந்து நைனாமலை உச்சிப் பெருமாள் கோயில் எத்தனை டிகிரியில் தெரிகிறது என்றும் குறித்திருந்தார்கள். முன்னால் வந்த சர்வேயர் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. நான் இரண்டு கட்சியையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்து அளந்தேன். பிளானில் இருந்ததைவிட இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாக வந்தது. திரும்பவும் அளந்தேன், அதேதான். பாறையும் நகரவில்லை, பெருமாளும் நகரவில்லை. நகர்ந்தது வடக்குதான்.

அந்த வித்தியாசத்தை எல்லைக் கோட்டுக்கும் கூட்டி, பாறையிலிருந்து கிழக்கே முளை அடித்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு முளைக்கும் கூட்டம் நெருங்கி வந்தது. காளியண்ணன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. கோடு கிணற்றுக்குத் தெற்கே, தண்ணீர் இறைக்கும் கவலை மாடு நடக்கும் பாதையை ஒட்டிப் போயிற்று. காளியண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சென்னியப்பன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. டப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்ன வந்தவரும் இதே மாதிரி டப்பிதானுங்க வெச்சிருந்தாரு. அப்ப வடக்கு வேறங்களா, இல்ல சர்வேயரு வேறங்களா?"

குறுக்கு விசாரணை

கோர்ட்டில் சென்னியப்பனுடைய வக்கீல் என்னைக் கூண்டிலேற்றிப் பிழிந்தார். வடக்கு எப்போது நகர்ந்தது என்றார். எப்போதுமே நகர்கிறது என்றேன். யார் உத்தரவின்பேரில் என்றார். கோர்ட் சிரித்தது. இரண்டு வீட்டாரும் மட்டும் சிரிக்கவில்லை. பாவாயி தூணைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேட்டி வியர்வையில் நனைந்துபோயிற்று.

இப்படியே போனால் வடக்கு முழுசாகத் திரும்பித் தெற்காகிவிடுமோ என்று முன்சீப் கேட்டார். எப்போதோ வடக்கு அப்படித் திரும்பியிருந்ததற்கு அடையாளமாகத் தலைகீழான காந்தம் உறைந்த எரிமலைப் பாறைகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்ததை எங்கோ படித்திருந்தேன். சொல்லவில்லை. இரண்டு டிகிரிக்கே இந்தப் பாடு. வக்கீல் கையை விரித்துக்கொண்டு முன்சீப் பக்கம் திரும்பினார்.

"சாட்சி என் கட்சிக்காரர்மேல் குற்றம் சொல்லவில்லை, பூமியின்மேல் சொல்கிறார். பூமியைக் கூண்டிலேற்றி நான் எப்படி விசாரிப்பது?"

கல் நட்ட அன்று

முன்சீப் கோயில் கணக்கை ஒப்புக்கொண்டார். கிணறு காளியண்ணனுக்கு என்று தீர்ப்பாயிற்று. இனி முள்ளை நம்பாமலிருக்க எல்லையில் கல் நடச்சொல்லி என்னையே அனுப்பினார்கள். இரண்டு கட்சியும் இருந்தது. அருவாள் ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் பாவாயி கிணற்றில் சேந்தி எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன், இளநீர் தோற்றது. இன்னொரு செம்பை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய், "குடியுங்க மாமா" என்று சென்னியப்பனிடம் நீட்டினாள். காளியண்ணன் கிணற்று மேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சென்னியப்பன் செம்பை வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனவர் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கேசுக்கு முன்னால இது எந்தம்பி ஊட்டுத் தண்ணி அம்மிணி, கேக்காமக் குடிச்சேன். இப்ப இது செயிச்ச தண்ணி. எனக்குத் தொண்டையில எறங்காது."

முள் நகர்ந்த அளவைக் கூட்டிக் கழித்துக் கோட்டை நேராக்கிவிடலாம், திரும்பிக்கொண்ட அண்ணன் தம்பி முகத்தை நேராக்க எங்கள் தொழிலில் சாமான் கிடையாது.