டின்னுக்குள் தண்ணீரான குழம்பு

கொட்டாஞ்சேனையில் மீன்குழம்பை டின்னில் அடைக்கும் கொம்பனியொன்றில் நான் சுப்பவைசர். குழம்பைத் தடிப்பாக்கப் புதிதாக வந்த மா, அடுப்பிலிருக்கும் கிடாரத்தில் களிபோலத் தடிக்கும். மூடி அவித்த டின்னைத் திறந்தால் குழம்பு தண்ணீர். சமையல்கார அண்ணன் நான் பார்க்கும் கிடாரத்துக்கு மட்டும் மாப் போட்டு, மிச்சத்தைக் களவெடுக்கிறார், வேறென்ன? மூன்று நாள், அவர் அசந்த நேரம், கிடாரங்களில் அரிசிமாவை அள்ளிக் கொட்டினேன். அவித்த டின்னிலும் குழம்பு தடித்தது. கள்ளன் அகப்பட்டான் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

நாலாம் நாள் டின்களைச் சோதிக்கும் லாப்பில் வேலைசெய்த மிஸ் சொன்னார்: "அந்த மா சூட்டில இளகத்தான் வேணும். தடிப்பா நிண்டா டின்னுக்கு நடுவில சூடு போகாது, மீன் பழுதாப்போகும்."

அந்த மூன்று நாள் டின்களும் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன. நான் வாயே திறக்கவில்லை. இன்றும் வெள்ளவத்தையில் டின் வாங்கினால், உள்ளே பழுதாகி மூடி வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். இப்போது சந்தேகம் அண்ணன்மேல் இல்லை.