குளியல் தொட்டியும் முத்துப்பாண்டி கொத்தனாரும்

முத்துப்பாண்டி கொத்தனாருக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தேன். கையில் இல்லாமல் அல்ல. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருத்தங்கல்லில் பசை காய்ச்சும் வேலையில் தொடங்கி, இன்று சொந்தமாக இரண்டு ஆப்செட் அச்சு மிஷின் ஓட்டுகிறவன் நான். வேலை ஒழுங்காக முடிந்தால்தான் காசு.

என் மனைவி ஜெயசீலிக்கு முழங்கால் வலி. மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் ஹெப்சிபா, வெந்நீரில் காலை நீட்டி உட்காரச் சொன்னாள். பழைய குளியலறையை இடித்துவிட்டுத் தொட்டி வாங்க விருதுநகர் போனேன். டை கட்டிய விற்பனையாளர், அறை நடுவே தங்கக் காலில் நிற்கும் தொட்டியைக் காட்டினார். என் வீட்டை அரண்மனை என்று நினைத்துவிட்டார் போலும். நான் இடத்தை அளந்து கொண்டு போயிருந்தேன். மூன்று சுவருக்குள் அடங்குகிற அக்ரிலிக் தொட்டி, வடிகால் ஓட்டை இடது கைப்பக்கம் என்று சொன்னேன். எது இடது என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய படிப்பு படித்தவர், பாவம்.

முத்துப்பாண்டி பட்டாசு கம்பெனிகளுக்கு ரூம் கட்டியே தலை நரைத்தவர். வெடித்தால் தப்பி ஓடச் சுவருக்குச் சுவர் வாசல் வைத்துப் பழகிய கை. ‘தெரியாது’ என்பதைத் தவிர எல்லாச் சொல்லும் அவருக்குத் தெரியும்.

“இந்த மாதிரித் தொட்டி முன்னால வச்சிருக்கீகளா?”

“நூறு வச்சிருக்கேன் அண்ணாச்சி.”

“எங்கன?”

“அங்கன இங்கன.”

தொட்டியின் வயிறு அந்தரத்தில் தொங்கக் கூடாது, அடியில் சிமெண்டுக் கலவை பரப்பி, சுவரில் சட்டம் அடித்து விளிம்பைத் தாங்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் படம் போட்டிருந்தது. முத்துப்பாண்டி அந்தத் தாளில் வெற்றிலை மடித்து வைத்துக்கொண்டார்.

தொட்டி உட்கார்ந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிரப்பச் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல. மறுநாள் காலையில் பார்த்தால், தொட்டி வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அடைப்பானை எடுத்தும் பாதித் தண்ணீர் அங்கேயே நின்றது. முன்பக்கம் அடைக்காத இடைவெளியில் டார்ச் அடித்தேன். காகித ரீலுக்கு உள்ளே இருக்குமே, தடித்த அட்டைக் குழல், அதை வெட்டி வரிசையாக முட்டுக் கொடுத்திருக்கிறார். குழாய் மூட்டில் கசிந்த தண்ணீர் பட்டு எல்லாம் கூழாகியிருந்தது.

“என்னய்யா இது?”

“நம்ம கம்பெனிக் குழல்தான் அண்ணாச்சி. ஒரு டன் ரீலையே தாங்குது, மதினியத் தாங்காதான்னு வச்சேன்.”

“யாரு கொத்தனாரே ஒரு டன்னு?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“ஏன்யா, ரீலு என்ன தண்ணிக்குள்ளயா கிடக்கு?” என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “வெள்ளிக்கிழமை மாரிசெல்விக்கு காலேஜ் பீஸு கட்டக் கடைசி நாள். கட்டலன்னா எம்புள்ளயப் பரிச்சை எழுத விடமாட்டாக. பாக்கியக் குடுத்தீகன்னா ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணிருதேன்.”

“தொட்டி அசையாம நிக்கட்டும். நின்ன அன்னைக்கே எண்ணித் தாரேன்.”

அடுத்த நாள் விடியும் முன்பே வந்துவிட்டார். நூறு தொட்டி வைத்தவர் முதல் தடவையாக அந்த வெற்றிலைத் தாளைப் பிரித்துப் பார்த்தார். கூழை வழித்து, மூட்டைச் சரிசெய்து, ரசமட்டம் பார்த்துச் சட்டம் அடித்தார். கலவையைக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, தொட்டியை அமுக்கினார். கலவை இறுகும்வரை அசையாதிருக்கப் பாதிவரை தண்ணீர் நிரப்பினார். வியாழக்கிழமை முழுக்க, பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர் போல வந்து வந்து எட்டிப் பார்த்துப் போனார்.

வெள்ளி காலை விளிம்புவரை நிரப்பி, பனியன் கைலியோடு நானே உள்ளே இறங்கினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஓரத்தில் ஏறி மிதித்தேன். முத்துப்பாண்டி தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். தொட்டியில் முனகல் இல்லை.

“போதும் அண்ணாச்சி. காலேஜ்ல கவுண்டர மூடிருவாக.”

“இரும்யா. தண்ணி வடியட்டும்.”

ஒரு பொட்டு மிச்சமில்லாமல் இடப்பக்கம் வடிந்தது.

“குழலுக்குக் காசு புடிச்சிராதீக.”

“ஒம்ம கூலியப் புடிச்சா நான் மாடி கட்டப்போறேன்?” என்று சொல்லி, ஜெயசீலியைப் பணம் கொண்டுவரச் சொன்னேன். ஈரக் கையில் நோட்டு ஒட்டியதால் முதலில் எண்ணியதை விட்டு மறுபடி எண்ணி, அவர் விரித்த உள்ளங்கையில் ஒன்பதாயிரத்தையும் வைத்தேன்.