உருகாத கம்பி

வயரிங் அக்கா என்றுதான் அவளைத் தெருவில் கூப்பிடுவார்கள். ஃபியூஸ் போனாலும் சரி, மின்விசிறி முனகினாலும் சரி, பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். முன்பெல்லாம் வேலை செய்யும்போது வாய் ஓயாமல் பாடுவாள். தையல் பட்டறைத் தீயில் தம்பி போன பிறகு பாட்டு நின்றுவிட்டது.

தம்பி அங்கே துணி தேய்த்துக்கொண்டிருந்தான். எல்லா இஸ்திரிப் பெட்டிகளும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகும், வேலை நிற்கும். ஃபியூஸ் கம்பி மெல்லியது. மின்சாரம் மிஞ்சினால் சூடேறி, தான் முதலில் உருகி, மற்றதைக் காப்பாற்றும். அந்த இடத்தில் யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிட்டார்கள். அது உருகவில்லை. சுவரில் ஓடிய வயர்தான் கொதித்துத் துணிக்குவியலைப் பற்றவைத்தது.

"அந்தப் பையன்தான் கம்பிய மாட்டினான்" என்று முதலாளி செத்தவன் தலையில் பழியைக் கட்டினார். எல்லோரும் நம்பினார்கள்.

துக்கம் கேட்கக்கூட வராத முதலாளிக்கு அவள் முகம் எப்படித் தெரியும்? ஒரு மாலை, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது ஃபியூஸ் போக, அவளையே கூப்பிட்டனுப்பினார்.

அவள் பையில் செம்புக் கம்பியும் கிடந்தது. அதை மாட்டினால் இந்த வீடும் என்றாவது எரியும். விரல் அதைத் தடவியது. எரிந்தால் இவன் வாயும் சேர்ந்தல்லவா எரிந்துபோகும்? உண்மையைச் சொல்ல அந்த வாய் அவளுக்கு வேண்டும். இருப்பதிலேயே மெல்லிய ஃபியூஸ் கம்பியை எடுத்து மாட்டினாள்.

விளக்கு எரிந்தது. ஏ.சி. உறுமியது. டப்! இருட்டு.

"என்னம்மா வேலை பாக்கற?"

"லோடு தாங்கல சார். ஏ.சி.ய நிறுத்துங்க."

"வேர்த்து ஊத்துது, நிறுத்தணுமாம்! வேற போடு."

மறுபடியும் அதே கம்பி. மறுபடியும் இருட்டு. பட்டறையில் பாதிப் பங்குள்ள அவர் மனைவியின் தம்பி டார்ச்சைப் பிடித்தபடி சிரித்தார். "என்ன மாமா, கூப்பிட்டு இருட்டுல உக்கார வச்சிட்டீங்க!"

முதலாளிக்கு மானம் போயிற்று. "தள்ளும்மா! தடிச்ச கம்பியா முறுக்கி விட்டா முடிஞ்சுது."

"அப்படிப் போட்டா நிக்குமா சார்?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"நிக்குமாவா? பட்டறையில நான் போட்டது ஒரு தடவகூடப் போகல!"

டார்ச் வெளிச்சம் ஃபியூஸ் பெட்டியை விட்டு மெல்ல அவர் முகத்துக்கு ஏறியது.

"நீங்க போட்டதா மாமா? அந்தப் பையன் போட்டான்னுல்ல சொன்னீங்க?"

அவர் கையை உயர்த்தி முகத்தை மறைத்தார்.

"அந்தப் பையனோட அக்கா நான்" என்றாள் அவள்.

பிறகு ஏ.சி. சுவிட்சைத் தானே அணைத்துவிட்டு, சரியான கம்பியைப் பொறுமையாக மாட்டி, விளக்கைப் போட்டாள். அந்த முகத்தை எல்லோரும் நன்றாகப் பார்க்க வேண்டாமா?