இரண்டே செட் துணி

எடைமேடை மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் 'அரைப்பை' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை பார்க்கிற மேடைகளைப் பழுது பார்க்க ஊர் ஊராகப் போகிறவர். ஒரு மாதம் சுற்றினாலும் தோளில் ஒரே சின்னப் பை. அதிலும் பாதி ஸ்பேனரும் திருப்புளியும். மிச்சத்தில் ஒரு செட் துணி. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, அதுதான் அவர் சட்டம். லாட்ஜுக்குள் நுழைந்ததும் சட்டையை அலசி, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து, ஃபேனுக்கு நேரே மாட்டிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். பெட்டியும் படுக்கையுமாக வருகிறவர்களைக் கண்டால் மனுஷருக்கு ஆகாது. "என்னப்பா, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டியா?" என்பார்.

அவர் மனைவிக்கு ஒரே ஆசை, ஒரு தடவையாவது அவரோடு போக வேண்டும். போய்க் கடலைப் பார்க்க வேண்டும்.

"உன் மூட்டையை ஏத்த ஒரு லாரி வேணும். அதையும் நானே எடை போடணும்" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

ஒருமுறை அவர் வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "நீங்க கிளம்பினதுலேர்ந்து ரெண்டே செட்டுல ஓட்டிட்டேன். துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்கிட்டேன், பீரோவைத் தொடவே இல்ல. இப்ப என்ன சாக்குச் சொல்லப் போறீங்க?"

சாக்குக்கா பஞ்சம்? "ரிட்டையர் ஆகட்டும், பாப்போம்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷர்.

ரிட்டையரும் ஆனார். அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். கடைசியில் அவர்கள் சேர்ந்து கிளம்பியது வெளியூர் ஆஸ்பத்திரிக்குத்தான். அவளுக்கு இதயத்தில் அடைப்பு. நீல செட்டை உடுத்திக்கொண்டு, பூப்போட்டதைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "தூக்கிப் பாருங்க. உங்க பையைவிட லேசு."

தூக்கிப் பார்த்தார். லேசாகத்தான் இருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அவருக்கு.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பச்சை அங்கி கொடுத்துவிட்டார்கள். அவர் எதிர் லாட்ஜில் அறை எடுத்தார். அடைப்பை எடுத்தாயிற்று, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனதும், அவரே வாயைத் திறந்தார். "போற வழியில கடல் பக்கமா ரூம் போட்டு ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாம். என்ன சொல்றே?"

"நிஜமாவா? அப்ப ரெண்டு செட்டையும் துவைச்சு வைங்க. அழுக்குத் துணியோட வரமாட்டேன்."

வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுடைய துணிகளைத் துவைத்தார், சட்டத்தை மீறி, இரண்டையும் ஒரே நேரத்தில். அங்கிதான் இருக்கிறதே, இன்றைக்கு எது தேவைப்படப்போகிறது? சந்தோஷத்தில் சோப்பைக்கூடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். கொடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். நர்ஸ் அவரை உட்கார வைத்து, வெகுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அம்மாவுக்கு மாத்துத் துணி ஏதாவது கொண்டு வர்றீங்களா?"

லாட்ஜுக்குப் போய்ப் பூப்போட்ட செட்டைத் துண்டில் சுருட்டி மிதித்தார். இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கித் தேய்த்தார். ஆவி பறந்ததே தவிர, தையல் ஓரமெல்லாம் ஈரம் போகவில்லை. இத்தனை வருஷத்தில் தனக்கு ஒருநாள்கூடக் காய்ந்த துணி இல்லாமல் போனதில்லை. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. துணியை அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

"பரவாயில்லைங்கய்யா, குடுங்க" என்று நர்ஸ் கை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் ஈரமா இருக்கு. அவளுக்கு ஈரம் ஆகாது, உடனே சளி பிடிச்சுக்கும்."

வராந்தா ஃபேனுக்கு நேரே துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.